நியாஸ் அதிர்ந்த நள்ளிரவு: குளுகோர் பிளாட்டின் 14வது மாடியிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

2005 மார்ச் 29 பிறந்து பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான் ஆகியிருக்கும். பினாங்கு, குளுகோர், எங்கள் பிளாட்டின் 14வது மாடி. ஹாலில் ஆணியில் தொங்கிய காலண்டர் சுவரில் டக், டக் என்று தட்டும் சத்தத்தில் அம்மா எழுந்துவிட்டார். மின்விசிறிக் காற்று அந்தச் சுவருக்குப் போகாது. நான் எழுந்து வந்தபோது அப்பாவின் மீன் தொட்டியில் தண்ணீர் ஒரு பக்கமாக ஏறி, கொஞ்சம் நின்று, அப்புறம் மறுபக்கம் ஏறிக்கொண்டிருந்தது. எந்த அவசரமும் இல்லாமல். குலுக்கலாக இருந்திருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன், அந்த நிதானம்தான் வயிற்றைக் கலக்கியது.

"இறங்கு" என்றார் அம்மா. அவ்வளவுதான். மூன்று மாதத்துக்கு முன்பு, சுனாமி வந்த டிசம்பர் 26 ஞாயிறன்று, தஞ்சோங் புங்கா கடற்கரைக்குப் போவதாக இருந்து, விருந்தாளி வந்ததால் போகாமல் நின்ற குடும்பம் எங்களுடையது. அந்த நாளுக்குப் பிறகு அம்மா ஒரு இரவு கூட முழுசாகத் தூங்கியதில்லை.

லிஃப்டைத் தொடாமல் 14 மாடியும் படியில் இறங்கினோம். கீழே கார் நிறுத்துமிடத்தில் மொத்த பிளாக்கும் நின்றது. லுங்கி கட்டிய ஆண்கள், தலைமுடியை அள்ளி முடிந்த பெண்கள், ஐசி என்கிற அடையாள அட்டையும் வங்கிப் புத்தகமும் வைத்த பிஸ்கட் டின்னை நெஞ்சோடு அணைத்தபடி எதிர்வீட்டுச் சீனப் பாட்டி. வேடிக்கை என்னவென்றால் தரைத்தளத்தில் காவலுக்கு இருந்த ஜாகாவுக்கு ஒன்றுமே தெரியவில்லை, "என்ன, தீயா?" என்று எங்களைக் கேட்டார். ஒரு காரில் ரேடியோவைப் போட்டால் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. சிலர் காரை எடுத்துக்கொண்டு ஆயர் ஈத்தாம் மேட்டுப் பக்கம் கிளம்பினார்கள். மற்றவர்கள் நின்றோம்.

ஆறாவது மாடி மாமா அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். "மழை வரும்னு சொல்றாங்க, கிரகணம் எந்த நிமிஷம்னு சொல்றாங்க, இந்த நிலநடுக்கத்தை மட்டும் சொல்ல முடியாதா? இல்ல தெரிஞ்சுக்கிட்டே மறைக்கிறாங்களா?" அன்று என்னிடம் பதில் இல்லை. இத்தனை வருஷமாகக் கிடைத்ததையெல்லாம் படித்துவிட்டு, அந்த ஒரு இரவை வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் நடந்தது என்ன

மலேசிய நேரம் நள்ளிரவு 12:09. சுமத்ராவின் மேற்குக் கரைக்கு அப்பால், நியாஸ் தீவுக்கும் சிமெலுவே தீவுக்கும் நடுவே, கடலடித் தட்டு சுமத்ராவுக்குக் கீழே நுழையும் இடத்தில் ஒரு பெரிய துண்டு நழுவியது. அளவு 8.6. சுமார் 1,300 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் நியாஸில், குனுங்சித்தோலி நகரத்தில் இடிந்த கட்டடங்களுக்கு அடியில். எங்களுக்கு அது மீன் தொட்டித் தண்ணீர், அவர்களுக்கு அது கூரை. இதை மனதில் வைத்துக்கொண்டே மேலே படியுங்கள்.

அங்கிருந்து பினாங்குக்கு நேர்கோட்டில் 500 கிலோமீட்டர் வரும். முதலில் கிளம்பும் அலை வினாடிக்கு சுமார் 8 கிலோமீட்டர் ஓடும், அது ஒரு நிமிடத்தில் எங்களைத் தொட்டிருக்கும், யாரும் உணர்ந்திருக்க மாட்டோம். கட்டடத்தை ஆட்டுவது பின்னால் மெதுவாக வரும் நீண்ட அலைகள். வழியில் பாறைகள் வேகமான, குறுகிய அதிர்வுகளைத் தின்றுவிடும். மெதுவாக ஆடும் அலை மட்டும் தப்பித்து வரும். உயரமான கட்டடத்துக்கும் மெதுவாக ஆடுவதுதான் சுபாவம்: மாடிக்கு 0.1 வினாடி என்று ஒரு குத்துமதிப்புக் கணக்கு உண்டு, 20 மாடி என்றால் ஒரு முறை போய் வர ஏறக்குறைய 2 வினாடி. வருகிற அலையின் தாளமும் கட்டடத்தின் தாளமும் ஒத்துப்போனால், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளிவிடுகிற மாதிரி ஆட்டம் கூடிக்கொண்டே போகும். கீழே சேற்று மண் இருந்தால் இன்னும் கூடும். மேலே இருந்தவனுக்குத் தெரிந்து ஜாகாவுக்குத் தெரியாமல் போனது இதனால்தான்.

1985 செப்டம்பரில் மெக்சிகோ சிட்டியில் இதே கதைதான் பெரிய அழிவாக முடிந்தது. நிலநடுக்கம் 350 கிலோமீட்டருக்கு அப்பால், நகரம் பழைய ஏரிப் படுகையின் மேல், விழுந்தவற்றில் பல நடுத்தர உயரக் கட்டடங்கள். 2025 மார்ச் 28 அன்று மியன்மாரின் 7.7 நிலநடுக்கத்தில் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி பேங்காக்கில் கட்டிக்கொண்டிருந்த ஒரு உயர்மாடிக் கட்டடம் சரிந்ததையும் பார்த்தோம். தூரம் இருக்கிறது, நமக்கென்ன என்ற பேச்சுக்கு இதற்கு மேல் பதில் தேவையில்லை.

பதினொரு நாளுக்கு முன் வந்த கட்டுரை

மாமாவின் கேள்விக்கு வருகிறேன். யாராவது முன்னாடியே சொன்னார்களா? சொன்னார்கள் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம்.

2005 மார்ச் 17 அன்று, அதாவது அந்த இரவுக்குப் பதினொரு நாளுக்கு முன்பு, நேச்சர் ஆய்விதழில் ஒரு சின்னக் கட்டுரை வந்தது. வட அயர்லாந்தின் அல்ஸ்டர் பல்கலைக்கழகத்து ஜான் மெக்ளோஸ்கியும் அவருடன் இருந்த இருவரும் எழுதியது. டிசம்பர் 26இல் அவ்வளவு நீளத்துக்குப் பாறை நழுவியதால் அந்த இடத்தில் அழுத்தம் தீர்ந்தது, ஆனால் பக்கத்தில் இருக்கும் பகுதிகளின் மேல் கூடுதலாக ஏறியிருக்கிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். கூட்டமான பஸ்ஸில் ஒருவர் இறங்கினால் பக்கத்தில் நிற்பவர் மேல் எல்லாரும் சாய்வார்களே, அது மாதிரி. இரண்டு இடங்களைக் குறித்தார்கள். ஒன்று, நழுவிய பகுதிக்குத் தெற்கே கடலடியில் இருக்கும் அடுத்த துண்டு, அங்கே சுமார் 5 பார் அழுத்தம் கூடியிருந்தது. இன்னொன்று, சுமத்ரா தீவின் தரையிலேயே நீளவாக்கில் ஓடும் பிளவில் பண்டா ஆச்சேக்குப் பக்கத்துப் பகுதி, அங்கே 9 பார் வரை.

காரின் டயரில் நாம் அடிக்கும் காற்று 2 பாருக்குக் கொஞ்சம் மேல். அப்படியானால் 5 பார் என்பது இரண்டு டயர் கணக்கு. நூற்றைம்பது வருஷமாகச் சேர்ந்துகொண்டிருக்கும் அழுத்தத்தின் மேல் இவ்வளவு சின்னது ஏறினாலே போதும், ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் பாறைக்கு. நியாஸ் பகுதி கடைசியாகப் பெரிதாக நழுவியது 1861இல்.

பதினொரு நாளில் முதல் இடம் நழுவியது. அழுத்தம் குறைவாக ஏறிய இடம்! கூடுதலாக ஏறிய ஆச்சே தரைப் பிளவில், அவர்கள் எச்சரித்த அளவுக்குப் பெரிதாக எதுவும் இன்றுவரை வரவில்லை. இந்த நிகழ்வில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். கட்டுரை தவறு என்று சொல்லவே முடியாது, இடம் சரி, அளவும் ஏறக்குறைய சரி. ஆனால் அதைப் படித்துவிட்டு ஒரு அதிகாரி என்ன செய்திருக்க முடியும்? பதினொரு நாளா, பதினொரு வருஷமா, இரண்டு தலைமுறையா என்று அதில் இல்லை. ஆச்சே மக்களை அப்போதே வெளியேற்றியிருந்தால் அவர்கள் இன்னும் வெளியில்தான் இருக்க வேண்டும்.

ஏன் நாள் சொல்ல முடியவில்லை

சேற்றில் பதிந்த தேரை வடம் பிடித்து இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். நூறு பேர் இழுக்கிறார்கள், வடம் முறுக்கேறுகிறது, தேர் அசையாது. இன்னொரு இழுப்பு, அசையாது. திடீரென்று ஒரு இழுப்பில் கிளம்பும். எந்த இழுப்பில் என்று இழுப்பவர்களுக்கே தெரியாது. கிளம்பிய தேர் இரண்டடியில் நிற்குமா, தெருமுனை வரை ஓடுமா என்பதும் கிளம்பும் நொடியில் தெரியாது.

நிலநடுக்கமும் ஒரு சின்னப் புள்ளியில்தான் தொடங்குகிறது. அது பக்கத்துப் பாறையை இழுக்கிறது, அது அதற்குப் பக்கத்ததை. பெரும்பாலும் சீக்கிரமே நின்றுவிடும், அவை யாருக்கும் தெரியாத 2, 3 அளவு அதிர்வுகள். எப்போதோ ஒன்று நிற்காமல் ஓடும். 2004இல் அது வடக்கே அந்தமான் வரை, 1,200 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. ஓட்டத்துக்கே எட்டு நிமிடத்துக்கு மேல் ஆனது. முதல் சில வினாடிகளின் பதிவை வைத்து இது எதுவரை போகும் என்று சொல்லும் நம்பகமான வழி இதுவரை யாருக்கும் கிட்டவில்லை. பிறகு முந்தைய வாரமே சொல்வது எப்படி?

முன்னதிர்வு வருமே என்பார்கள். வரும்தான், ஆனால் அது முன்னதிர்வு என்பது பெரியது வந்த பிறகுதான் தெரியும். 2011 மார்ச் 9 அன்று ஜப்பானில் 7.3 வந்தது. சரி, வந்தது போய்விட்டது என்று இருந்தார்கள், இரண்டே நாளில் அதே பகுதியில் 9. சரியான எடுத்துக்காட்டாகத் தெரிகிறதா? கலிபோர்னியா பதிவுகளில், ஒரு நிலநடுக்கத்தை அடுத்த சில நாளில் அதைவிடப் பெரியது தொடர்வது நூற்றில் ஐந்தாறு தடவைதான். ஒவ்வொரு முறையும் ஊரைக் காலி செய்தால் தொண்ணூற்றைந்து முறை சும்மா திரும்பி வர வேண்டும். மூன்றாவது முறைக்கே யாரும் கிளம்ப மாட்டார்கள்.

கணித்துக் காட்டிய கதையும் ஒன்று உண்டு, சீனாவின் ஹாய்செங், 1975 பிப்ரவரி 4. அதிர்வு மேல் அதிர்வாக வந்ததால் மக்களை வெளியேற்றினார்கள், பெரியது வந்தது, ஏராளமானோர் தப்பினார்கள். உலகமே கைதட்டியது. அடுத்த ஆண்டு ஜூலை 28, தாங்ஷான். அப்படி எந்த அதிர்வு வரிசையும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை, அரசுக் கணக்கிலேயே 2,40,000 பேருக்கு மேல்.

அமெரிக்காவின் பார்க்ஃபீல்டையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கணக்கு அவ்வளவு அழகாக இருந்தது. 1857, 1881, 1901, 1922, 1934, 1966. சராசரி 22 வருஷம். 1993க்குள் அடுத்தது வந்தே தீரும் என்று மலை முழுக்கக் கருவிகளைப் பதித்துக் காத்திருந்தார்கள். வந்தது 2004 செப்டம்பர் 28. பதினோரு வருஷம் தாமதம், அதுவும் பதித்த கருவிகள் எதிலும் முன்கூட்டி உருப்படியான அறிகுறி ஒன்றும் காட்டாமல்.

பௌர்ணமியும் பஞ்சாங்கமும்

கார் நிறுத்துமிடத்தில் அன்றிரவே இன்னொரு கணிப்பும் சுற்றியது. இரண்டாவது மாடி அண்ணன் ஒருவர், "டிசம்பர் 26 பௌர்ணமி. இப்பவும் பௌர்ணமி முடிஞ்சு மூணு நாள்தான். எங்க ஜோசியர் பங்குனியில கவனமா இருக்கச் சொன்னார்" என்றார். கூட்டம் அவரைச் சூழ்ந்துகொண்டது. நானும் பக்கத்தில் போய் நின்றேன், பொய் சொல்வானேன்.

வீட்டுக்கு வந்து பல நாள் கழித்துப் போட்ட கணக்கு இது. பௌர்ணமிக்கு முன் மூன்று நாள், பின் மூன்று நாள் என்று விட்டால் ஏழு நாள். அமாவாசையையும் சேர்த்துக்கொள்வார்கள், இன்னொரு ஏழு. இருபத்தொன்பதரை நாளில் பதினான்கு நாள் ஏற்கெனவே உங்கள் பக்கம். நாணயத்தைச் சுண்டிவிட்டாலும் கிட்டத்தட்ட அதே அளவு பலிக்கும். சந்திரனின் இழுப்புக்குப் பாறையின் மேல் கொஞ்சம் பாதிப்பு உண்டு, அதை ஆராய்ந்திருக்கிறார்கள், ஆனால் எந்தப் பௌர்ணமி, எந்த ஊர் என்று அது சொல்லாது. 2012 ஏப்ரல் 11இல் இதே கடலில் 8.6 வந்தபோது பௌர்ணமி முடிந்து ஐந்து நாள். அந்த அண்ணன் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

இதே தந்திரம்தான் இப்போது வாட்ஸ்அப்பில் வரும் எல்லாக் கணிப்பிலும். 'இந்தோனேசியாவில் இந்த மாதம் பெரிய நிலநடுக்கம்' என்று எழுதிப் போட எனக்குக்கூடத் தைரியம் இருக்கிறது, உலகத்தில் வருஷத்துக்கு 6க்கு மேல் நூற்றுக்கும் அதிகமாக வருகிறது, 7க்கு மேல் பதினைந்து வரை, அதில் இந்தோனேசியாவின் பங்கு சின்னதல்ல. எந்த இடம், எந்த நாளுக்குள், எவ்வளவு பெரிது, இந்த மூன்றையும் சேர்த்துச் சொல்லாதவர் எதையும் சொல்லவில்லை. பலிக்காத கணிப்புகளையும் அதே பக்கத்தில் வைத்திருக்கிறாரா என்று தேடிப் பாருங்கள்.

நமக்குக் கிடைத்த நான்கு மணி நேரம்

இந்த இடத்தில்தான் மாமாவின் கேள்வியையே நான் மாற்றிவிட்டேன். 2004 சுனாமியில் பினாங்கில் 52 பேர் செத்தது கணிப்பு இல்லாததாலா?

2004 டிசம்பர் 26, காலை 8:59க்கு நிலம் நழுவியது. பினாங்கின் உயரமான பிளாட்டுகளில் அப்போதே ஆட்டம் தெரிந்தது. அலை பத்து ஃபிரிங்கி, தஞ்சோங் புங்கா, பாலிக் புலாவ் கரைகளைத் தொட்டபோது மதியம் ஒரு மணியை ஒட்டி இருந்தது. நான்கு மணி நேரம்! ஆழம் 4,000 மீட்டர் உள்ள கடலில் அலை மணிக்கு 700 கிலோமீட்டர் ஓடும், மலாக்கா நீரிணை மாதிரி 50 மீட்டர் ஆழத்துக்கு வந்ததும் 80க்கு இறங்கிவிடும், நம் ஹைவேயில் லாரி போகிற வேகம். சுமத்ராவின் தலையைச் சுற்றிக்கொண்டு அப்படி வந்தது. வந்துகொண்டிருந்த அந்த நேரத்தில்தான் ஞாயிற்றுக்கிழமை, பள்ளி விடுமுறை என்று பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கடற்கரைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

நிலநடுக்கம் அப்போது நடந்து முடிந்த விஷயம், கணிக்க எதுவும் பாக்கி இல்லை. ஹவாயில் இருக்கும் பசிபிக் சுனாமி மையம் பதினைந்து நிமிடத்தில் முதல் அறிக்கையை வெளியிட்டது, அளவு 8 என்று குறைவாக மதிப்பிட்டு. ஆனால் இந்தியப் பெருங்கடலில் அதை வாங்கிக் கடற்கரை வரைக்கும் கொண்டுபோக ஒரு ஏற்பாடும் அன்று இல்லை. மலேசியாவில் இறந்த 68 பேரில் 52 பேர் பினாங்கில். ஒரு ஜீப்பும் ஒரு ஒலிபெருக்கியும் போதுமாக இருந்திருக்கும் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆறாது.

சிமெலுவே தீவு நிலநடுக்கத்துக்கு மிக அருகில் இருந்தது, அவர்களுக்கு அரை மணி நேரம்கூட இல்லை. ஏறக்குறைய 78,000 பேரில் ஏழு பேர்தான் இறந்தார்கள். 1907இல் அடித்த அலையைப் பாட்டி பேத்திக்குச் சொல்லிச் சொல்லி வைத்திருந்தார்கள், அதற்கு 'ஸ்மோங்' என்று ஒரு பெயரும் இருந்தது: நிலம் பலமாக ஆடினால், கடல் உள்வாங்கினால், மேட்டுக்கு ஓடு. ஆட்டமே அவர்களுக்குச் சைரன்.

இதை எங்கள் நள்ளிரவோடு சேர்த்துப் பாருங்கள். அன்று கார் நிறுத்துமிடத்தில் நின்ற எல்லாரும் அலைக்காகத்தான் பயந்தோம், அது வரவில்லை. நழுவிய பகுதி பெரும்பாலும் தீவுகளுக்கும் ஆழம் குறைந்த கடலுக்கும் அடியில் இருந்ததால் மேலே தள்ளப்படத் தண்ணீர் அதிகம் இல்லை, நியாஸ் கரையே சில இடங்களில் இரண்டு மீட்டருக்கு மேல் உயர்ந்து பவளப்பாறை வெளியே வந்து காய்ந்தது. 2012இல் வேறு காரணம். புதன்கிழமை மாலை 4:38க்கு 8.6, இரண்டு மணி நேரத்தில் இன்னொரு 8.2. நான் பாயான் லெப்பாஸில் வேலையில் இருந்தேன், கட்டடத்தை விட்டு வெளியே வந்தோம், இந்த முறை அரசாங்கத்தின் சுனாமி எச்சரிக்கை பினாங்கு, கெடா, பெர்லிஸ், பேராக் கரைகளுக்கு வந்தது, கடற்கரைகளைக் காலி செய்தார்கள். அங்கே பாறை மேலும் கீழுமாக எழவில்லை, அம்மியில் குழவி போவது போல் பக்கவாட்டில் நகர்ந்தது. பக்கவாட்டில் நகர்ந்தால் மேலே உள்ள தண்ணீரை அது பெரிதாகத் தூக்காது. சுமத்ரா கரையிலேயே அலை ஒரு மீட்டர் அளவுதான். மறுநாள் கேண்டீனில் "சும்மா பயமுறுத்திட்டாங்க" என்றார் ஒருவர். எனக்குக் கோபம் வந்தது. நான்கு மணி நேரம் சரியாகப் பயன்பட்டது அன்றுதான்.

இன்னும் பாக்கி இருக்கிற துண்டு

நியாஸுக்குத் தெற்கே மெந்தாவாய் தீவுகள். நிலவியல் ஆய்வாளர்களான கெர்ரி சீயும் இந்தோனேசியாவின் டேனி ஹில்மன் நடாவிட்ஜாஜாவும் அங்கே பவளத்தை அறுத்து, மர வளையம் பார்ப்பது போல் அதன் வளர்ச்சிப் பட்டைகளைப் பார்த்தார்கள். தீவு தாழ்ந்தால் பவளம் மேல்நோக்கி வளரும், உயர்ந்தால் தலை காய்ந்து சாகும். எழுநூறு வருஷக் கணக்கு அதில் கிடைத்தது: சுமார் 200 வருஷத்துக்கு ஒரு முறை பெரிய நழுவல்கள் கொத்தாக வருகின்றன. கடைசிக் கொத்து 1797உம் 1833உம். 2007 செப்டம்பரில் 8.4 வந்து அதில் ஒரு பங்கைத்தான் தீர்த்தது. சிபேருத் தீவுக்கு அடியில் இருப்பது இன்னும் பிடித்துக்கொண்டு நிற்கிறது. இடம் தெரியும், அளவு ஏறக்குறைய தெரியும். நாள் கேட்டால் 'அடுத்த சில பத்தாண்டுகள்' என்பார்கள், மாமா அதைப் பதிலாகவே ஒப்புக்கொள்வதில்லை.

கட்டடத்தைப் பொறுத்தவரை நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. மலேசியாவுக்கென்று நிலநடுக்கக் கட்டட விதியின் தேசிய இணைப்பு 2017இல்தான் வந்தது, அதற்கு இரண்டு வருஷம் முன்பு சபாவின் ரானாவ் பகுதியில் 6 அளவு வந்து கினபாலு மலையில் 18 பேர் இறந்திருந்தார்கள். எங்கள் பிளாட் அதற்கெல்லாம் வெகுகாலம் முந்தியது. தூணில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க ஆள் கூப்பிடுங்கள் என்று குடியிருப்போர் கூட்டத்தில் மூன்று வருஷம் சொன்னேன். வந்து பார்த்துப் பூசிவிட்டுப் போனார்கள்.

அப்புறம் ஒரு பச்சைப் பலகை வைத்தார்கள், அவசரத்தில் எல்லாரும் வந்து கூடும் இடம் என்று. அதை வைத்தது எங்கே தெரியுமா, பிளாக்குக்கு ஒட்டினாற்போல், பதினெட்டு மாடி ஜன்னல் கண்ணாடிகளுக்கும் ஏர்கான் பெட்டிகளுக்கும் நேர் கீழே. அன்றிரவு நாங்கள் அத்தனை பேரும் நின்றதும் அதே இடத்தில்தான், அதனால் யாருக்கும் தப்பாகத் தெரியவில்லை. மாமாதான் நிர்வாகத்திடம் போய்ச் சண்டை போட்டார், கணிக்கத்தான் முடியாது, நிற்கவாவது ஒழுங்கான இடம் கொடு என்று. பலகையைத் திடல் ஓரத்துக்கு மாற்றிவிட்டார்கள். இப்போது அதன் முன்னால் ராத்திரி ஒரு மீன் லாரி நிற்கிறது, மாமா அதன் நம்பரை எழுதி வைத்திருக்கிறார்.